சித்தி மகள் என்று எழுதிக் கொடுத்தேன்

தம்பி,

கூப்பிடு தூரத்தில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை உன் போன் அடித்தது. இரண்டாம் முறை தேர்தல் நோட்டீஸ் கட்டோடு நான்கு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அதுவுமில்லாமல் நீ வக்கீல். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஒன்பது வார்த்தை சொல்லி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம். படித்து முடித்த பிறகு இதை உன் கட்சிக்காரர்களுக்குக் காட்டலாம், பேப்பருக்குக் கொடுக்கலாம், அடுப்பில் போடலாம். உன் இஷ்டம். ஒளித்து வைக்க என்னிடம் இனி எதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டத்துக்கு வந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. மருந்துக்கடை ஓரமாக, ஒரு பிளாஸ்டிக் கதிரையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாநகர சபைக்கு நிற்கிற பிள்ளை என்ன பேசுகிறான் என்று கேட்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? நீ அந்த அரிசி மூட்டைக் கதையைச் சொன்னாய். உனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஓட்டுக்காக ஒரு பெரிய மனிதர் வீடு வீடாக அரிசியும் பருப்பும் சீனியும் அனுப்பினார். நான் அதை உன் தலையில் ஏற்றி, "வாங்கித் தின்ன வாய் நாளைக்குக் கேள்வி கேக்காது, கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். நடந்தது நடந்தபடியே சொன்னாய். சனம் கை தட்டியது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ தொடர்ந்து பேசினாய். "எங்கள் மில்லில் கூலிக்காரர் என்று ஒருவரும் இருந்ததில்லை. எல்லாரும் எங்கள் சொந்தம். என் அம்மா சட்டத்துக்குப் பயந்து அல்ல, மனச்சாட்சிக்குப் பயந்து தொழில் நடத்தியவர்" என்றாய். மூன்றாவது வரிசையில் ஒருத்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். சிவனம்மா. இருபத்து நான்கு வருடம் நம் மிளகாய்த்தூள் மில்லில் கொச்சிக்காய் வறுத்தவள். உன்னைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விட்டு வந்தவள்.

நான் தட்டவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வெட்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது, உடம்பு முழுக்க. வீட்டுக்கு வந்தேன், சோறு வடித்தேன், சாப்பிட்டேன், சட்டி கழுவினேன். இன்றைக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கையைக் கிள்ளினால் மட்டும் வலிக்கிறது.

உனக்கு நான் சின்ன வயதிலிருந்து ஓதி வந்ததெல்லாம் மூன்றே விஷயம். அதைத்தான் நீ இன்றைக்கு மேடையில் விரித்துப் பேசுகிறாய். கூலியைப் பேச வேண்டியவர்கள் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும்தான், நடுவில் கொழும்பில் கதிரையில் இருக்கிறவருக்கு அதில் என்ன வேலை என்பது ஒன்று. வரி வாங்குகிற கைக்குக் கூச்சம் வேண்டும், ஊரான் காசை எடுக்கிறோம் என்ற பயம் வேண்டும் என்பது இன்னொன்று. வீட்டில் நேர்மை இல்லாதவனிடம் ஊர்ப் பெட்டகத்தின் சாவியைக் கொடுக்கக்கூடாது என்பது மூன்றாவது. உன் அப்பா போன பிறகு, ஒற்றைப் பொம்பிளையாக அந்த மில்லை ஓட்டினேன். அரைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு யோசித்து யோசித்து எனக்கு வந்த புத்தி இவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கிழவிக்கு ஞானோதயம் வந்துவிட்டது என்று உன் பெண்சாதியிடம் சொல்லிச் சிரிக்காதே. தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் மேடையில் சம்பளம் கூடுகிறது. தேர்தல் முடிந்தால் வேலை நாள் குறைகிறது, பறிக்க வேண்டிய கொழுந்து கிலோ கூடுகிறது. மேடையில் கூட்டின சம்பளம் மேடையிலேயே நின்றுவிடும் என்று இப்போதும் சொல்வேன். நீயும் உன் நோட்டீஸில் வீட்டுக்கு வாங்குகிற சோலைவரியைக் குறைப்பேன் என்று போட்டிருக்கிறாய். குறை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குப்பை லொறிக்கு டீசல் யார் ஊற்றுவது, தெரு விளக்குக்கு பல்ப் யார் வாங்குவது என்பதையும் அதே நோட்டீஸில் போடு. எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லாமல் வரியைக் குறைப்பேன் என்கிறவனை நான் என்றைக்கும் நம்பினதில்லை. நீ என் மகன் என்பதற்காக நம்பப் போவதுமில்லை.

என் கருத்தில் இன்னும் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கருத்துக்குப் பின்னால் நான் எதை ஒளித்தேன் என்பதுதான் விஷயம்.

சேமலாப நிதி பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காகப் பன்னிரண்டு வீதம் போட்டு, மாதாமாதம் கட்ட வேண்டும். வயசான காலத்தில் வேலை செய்த அந்தப் பிள்ளைக்கு அதுதான் கஞ்சி. வருமான வரியை நான் ஒரு வருடம்கூட ஏமாற்றினதில்லை. முணுமுணுத்துக்கொண்டாவது கட்டினேன். ஆனால் இதை நான் கட்டவில்லை. ஒருத்திக்கும் கட்டவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், நாலைந்து மாதத்தில் போனார்கள். நிலைத்து நின்றவள் சிவனம்மா ஒருத்திதான். அவளுக்கும் கட்டவில்லை. "கல்யாணத்துக்குத் தாறேன், சாவுக்குத் தாறேன், பிள்ளைக்குக் கொப்பி வாங்கித் தாறேன். ஆஸ்பத்திரிக்கு வேனில கூட்டிப் போறேன். இதுக்கு மேல கவர்மெண்ட் என்ன வந்து எனக்குத் தர்மம் சொல்லித் தாறது?" என்று உன் மாமாவிடம் வாதாடியிருக்கிறேன். சட்டம் போட்டு வாங்குகிற நன்மை நன்மையே இல்லை என்பேன். அவரும் தலையை ஆட்டுவார். நமக்கு வசதியான பேச்சுக்குத் தலையாட்ட எப்போதும் ஆள் கிடைக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், நீ கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலம், ஆட்களின் பதிவைப் பார்க்கிற தொழில் கந்தோரிலிருந்து ஒரு மிஸ் வந்தார். சின்ன வயசு, சிங்களப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. யார் யார் வேலை செய்கிறார்கள், பதிவு எங்கே என்று கேட்டார். அன்றைக்கு மில்லில் நானும் சிவனம்மாவும் மட்டும்தான். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இவ வேலைக்காரி இல்ல மிஸ். என் சித்தி மக. வீட்டுல சும்மா இருக்க முடியாம ஒத்தாசைக்கு வாறா" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சிவனம்மா அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தை நான் இங்கே எழுத வேண்டும், தம்பி. பயந்த முகம் இல்லை. கண் விரிந்துபோய், வறுக்கிற அகப்பையைக் கையில் பிடித்தபடி, ஏதோ பரிசு விழுந்த மாதிரி நின்றாள்.

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். சித்தி மகளுக்கும் ஊற்றத்தானே வேண்டும்? அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் பின்கதவு ஆணியில் தொங்கும். நீயும் பார்த்திருப்பாய், அது ஏன் தனியாகத் தொங்குகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து வந்தவள், அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு அந்த டம்ளரை எடுக்க முடியாது. பூப்போட்ட கோப்பையை எடுத்தேன், எனக்குப் பக்கத்துக் கதிரையில் அவளை உட்கார வைத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் குடித்தாள். மிஸ் ஒரு கடதாசியில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். சிவனம்மாவும் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். உறவினர், சம்பளம் வாங்குவதில்லை என்று இருந்தது. அவளுக்கு அது தெரியும். நான் வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் டம்ளர் பழையபடி ஆணிக்கு வந்துவிட்டது. அவளும் அதையே எடுத்துக் குடித்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னை "அம்மா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "அக்கா" என்றாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. தடுத்தால் கந்தோரில் போய்ச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் விட்டேன். பிறகு பழகிவிட்டது. உன் கல்யாணத்துக்குச் சித்தி முறைக்கு என்று ஒரு தட்டில் வேட்டியும் பழமும் வெற்றிலையும் வைத்துச் சீர் கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஞாபகம் இருக்காது. நான் அதை வாங்கி, சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல், பின் அறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த வேட்டியை நீ ஒரு நாளும் உடுத்தவில்லை.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். கரண்ட் பாதி நாள் இல்லை, இருந்த பாதி நாளுக்கு பில் மூன்று மடங்கு. மில் படுத்துவிட்டது. "கொஞ்ச நாள் வீட்டுல இரு சிவனம்மா" என்று ஒரு மாதச் சம்பளமும் ஒரு சேலையும் கொடுத்தேன். சம்பளத்தைக் கையில் வாங்கவே கூசினாள். "சொந்தத்துக்குள்ள என்னக்கா கணக்கு? நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க. கரண்ட் சரியானதும் சொல்லியனுப்புங்க, ஓடி வந்திர்றேன்" என்றாள். கரண்ட் சரியானது. நான் சொல்லியனுப்பவில்லை. வறுக்கிறதுக்கு ஒரு மெஷின் வாங்கினேன். மெஷின் தேத்தண்ணி கேட்காது. அவள் வேறு ஆளாக இருந்திருந்தால் கந்தோருக்குப் போய் இருபத்து நான்கு வருடத்துக்கு எங்கே என் பணம் என்று கேட்டிருப்பாள். நான் சொந்தம் என்று சொன்னதை அவள் நம்பிவிட்டாள். சொந்தக்காரர் மேல் யாராவது முறைப்பாடு கொடுப்பார்களா?

மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ந்த கொச்சிக்காய் எடுக்கத் தம்புள்ளைச் சந்தைக்குப் போயிருந்தேன். லொறிகளுக்கு நடுவில் ஒரு கடை வாசலில், சாக்கு விரித்து, நாலைந்து பொம்பிளைகள் அழுகின வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி எழும்பி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா! எப்பக்கா வந்தீங்க? நீங்க ஏன் இந்தக் காலோட லொறியில எல்லாம் வாறீங்க?"

"நீ இங்கயா வேலை செய்யிற?"

"ஆமாக்கா, மொத பஸ்ஸுல வந்தா பின்னேரம் போயிறலாம். ஒரு நாளைக்கி எவ்வளவு மூட்டையோ அதுக்குத் தக்கன சம்பளம். வயசாயிருச்சுல்ல, மத்த வேலைக்கெல்லாம் எடுக்க மாட்டேங்கிறாங்க." பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "இது எங்க அக்கா. மாத்தளையில சொந்த மில்லு" என்றாள்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கையெல்லாம் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கொச்சிக்காய் விலை பேசினேன். வாங்கினேன். திரும்பும் வழியில் நாலந்தா ஊர் தாண்டும்வரை டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உன் கூட்டத்தில் அவள் கை தட்டுகிறவரை ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். படியேற முடியாமல் கீழேயே நின்று கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கந்தோருக்குப் போவோம், அன்றைக்குச் சொன்னது பொய் என்று நானே எழுதித் தருகிறேன், இத்தனை வருடத்துக்கும் உனக்குச் சேர வேண்டியதைக் கட்டுகிறேன் என்றேன்.

"இப்ப என்னத்துக்குக்கா இதெல்லாம்? தம்பி எலெக்ஷன் கேக்கிற நேரம். யாராவது கெட்ட மாதிரி பேசுவாங்க."

"பேசட்டும். உன் சல்லி, சிவனம்மா. எட்டு வீதமும் பன்னிரண்டு வீதமும் ஒனக்குச் சேர வேண்டியது."

"சரி, நான் என்ன சொல்லணும் அங்க?"

"நீ என் சித்தி மக இல்லன்னு சொல்லணும்."

அவள் கொடிப் பக்கம் திரும்பினாள். கொடியில் காய்ந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். பிறகு, "அது எனக்குத் தெரியுமேக்கா" என்றாள். "எங்கம்மா யாரு, ஒங்க சித்தி யாருன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க அன்னைக்கி ஒரு கவர்மெண்ட் ஆளு முன்னாடி, வாய் நெறைய சொன்னீங்கள்ல. என்னைய எந்தத் தொரை வீட்டுலயும் அப்பிடிச் சொன்னதில்ல. அது பொய்யாவே இருந்திட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

நான் ஒரு நாளும் யாருக்கும் அப்படி ஒரு பொய்யை வைத்துக்கொண்டு வாழ வழி செய்திருக்கக் கூடாது. வேலைக்காரி என்று மரியாதையாகப் பதிந்து, அவளுக்குரியதைக் கட்டி, அதற்குப் பிறகு பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்திருந்தால் இரண்டும் அவளுக்குக் கிடைத்திருக்கும். நான் சொந்தம் என்ற ஒன்றைச் சொல்லி, பணம் என்ற இன்னொன்றைப் பறித்தேன். இப்போது அந்த இன்னொன்றைக் கொடுக்க, முன்னால் சொன்னதைப் பறிக்கப் போனேன்.

புதன்கிழமை இரண்டு பேரும் கந்தோருக்குப் போனோம். உன்னிடம் கேட்டுவிட்டுப் போகவில்லை. கேட்டிருந்தால் தேர்தல் முடியட்டும் அம்மா என்றிருப்பாய், அதில் நியாயமும் இருந்திருக்கும். இப்போது இருக்கிற உத்தியோகத்தர் வேறு ஆள், நடுவயசு. நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். ஏன் இத்தனை வருடம் கழித்து என்று கேட்டார். என் மகன் ஓட்டுக் கேட்கிறான், அதனால் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை போல இருக்கிறது, பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். நீ உன் மேடையில் நேர்மை நேர்மை என்று சொல்லும்போதெல்லாம் ஒரு பழைய கடதாசி ஏதோ அலுமாரியில் கிடக்கிறதே, அதில் என் கையெழுத்து இருக்கிறதே என்று அவருக்கு நான் எப்படி விளக்குவது? பழைய பாக்கியும் அதன்மேல் தண்டமும் வரும், மில்லுக்குப் பின்னால் இருக்கிற காணியை விற்க வேண்டி வரும். அது உனக்கென்று வைத்திருந்த காணி. அதையும் இந்தக் கடிதத்திலேயே தெரிந்துகொள்.

பிறகு அவர் சிவனம்மாவைக் கேட்டார். "இவங்க ஒங்களுக்கு யாரு?"

சிவனம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "மொதலாளியம்மா" என்றாள். "நான் இவங்க மில்லுல கொச்சிக்கா வறுத்தேன்."

அவளும் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை எழுத்துக் கூட்டவில்லை, மளமளவென்று போட்டாள். வெளியே வந்தோம். மூன்று படி. வழக்கமாக அவள்தான் என் கையைப் பிடித்து இறக்குவாள். அன்றைக்கு முன்னால் இறங்கிப் போய், கீழே நின்று திரும்பி, "பாத்து எறங்குங்கம்மா" என்றாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோமா என்றேன். தம்புள்ளை பஸ்ஸுக்கு நேரமாகிறது, அரை நாளாவது வேலை செய்யலாம் என்று போய்விட்டாள்.

இந்தச் செய்தி நாளைக்கோ மறுநாளோ வெளியே வரும். உன்னை எதிர்த்து நிற்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். நீ தோற்றால் அது என்னால்தான், அதற்கு மன்னிப்புக் கேட்கவும் என்னால் முடியவில்லை, அந்த உணர்ச்சிகூட வரவில்லை. ஜெயித்தால், கூலியைப் பற்றியும் வரியைப் பற்றியும் நான் சொன்னதைச் சொல்லு, தப்பில்லை. யாரையும் சொந்தம் என்று மட்டும் மேடையில் சொல்லாதே.

ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். சிவனம்மா வீட்டுக்குப் போ. நோட்டீஸ் எடுத்துக்கொண்டு போகாதே, கூட ஆள் கூட்டிக்கொண்டு போகாதே. உட்காரச் சொன்னால் உட்கார், தேத்தண்ணி தந்தால் குடி. சித்தி என்று கூப்பிட உனக்கு மனம் வந்தால் கூப்பிடு, வராவிட்டால் நடிக்காதே.

ஓட்டுக் கேட்காதே.

அம்மா